புகைபோக்கி – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் மும்பை செம்பூரில் வளர்ந்தவள், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். தாராவியில் குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாவின் சூளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 'சூளைப் புகை மூக்கில் ஏறினால்தான் எனக்கு வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதைப் படித்த ராத்திரி என் ஆறு வயதுப் பையன் விடிய விடிய மூச்சு இழுத்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தான். கோபம் வந்தது, மன்னியுங்கள்.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழக்கமாகிவிடும் என்று மாமியார் ஒன்றை நிறுத்திவிட்டு நொச்சி ஆவி பிடிக்கச் சொல்கிறார். நவி மும்பையில் கார்கருக்கு வீடு மாற்றிவிடலாம், அங்கே மலையும் திறந்த வெளியும் இருக்கிறது என்கிறார் கணவர். ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா? எது நல்லது? காலை 6 மணிக்குக் கிரிக்கெட் கோச்சிங் போகிறான், அதை நிறுத்த வேண்டுமா?

எங்கள் பால்கனியிலிருந்து மாஹுல் பக்கத்துச் சிம்னிகள் தெரியும். 'மேகம் பண்ற கம்பெனி' என்பான் பையன். ஆனால் அவை ரொம்ப உயரம், புகை மேலேயே போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தாராவியில் குப்பை எரிப்பதையும் பேக்கரிகளையும் நிறுத்தினாலே மும்பைக் காற்று பாதி சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்,

நிறுத்திய இன்ஹேலரைப் பற்றி இன்றைக்கே டாக்டரிடம் பேசிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் பிறகு. இரண்டில் ஒன்று, இழுப்பு வந்தபின் மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவது. இன்னொன்று, இழுப்பே வராமல் உள்ளே இருக்கும் வீக்கத்தை அடக்கி வைப்பது. வீடுகளில் எப்போதும் இரண்டாவதைத்தான் நிறுத்துவார்கள். கொடுத்ததும் ஒன்றும் தெரியாது, நிறுத்தினாலும் சில நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு ராத்திரி தெரியும். அந்த ராத்திரிதான் உங்கள் மடியில் உட்கார்ந்திருந்தது. பிள்ளையை அப்படி வைத்துக்கொண்டு என் கட்டுரையை வாசித்தீர்களே, டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? நொச்சி ஆவி இதற்கு மருந்தில்லை. போர்வைக்குள் கொதிக்கிற பாத்திரமும் ஆறு வயதுப் பிள்ளையும், வேண்டவே வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், எனக்கும் அறுபது தாண்டிவிட்டது.

சூளைப் புகை பற்றி நீங்கள் கோபப்பட்டது சரி. குயவர்கள் பஞ்சுக் கழிவை எரிக்கும் சந்தில் பத்து நிமிஷம் நின்று ரசித்துவிட்டு வந்து எழுதியது அது. அந்தச் சந்திலேயே குடியிருப்பவன் எழுதியதில்லை. வரியை எடுக்கப்போவதில்லை. கூச்சத்தோடு அங்கேயே கிடக்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. 'ரொம்ப உயரம், புகை மேலேயே போய்விடும்.' இதே வார்த்தையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அப்பா செம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லரில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் காட்டுவார். "என்னா ஒசரம் பாத்தியாலே! ஒரு பொட்டுப் புகை நம்ம மேல விழாது." நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைக் காட்டும்போதுகூட அவர் குரலில் அந்தப் பெருமை இருந்ததில்லை.

புகைபோக்கி என்று பெயர் வைத்தவர்கள் அடுக்களையை நினைத்து வைத்திருப்பார்கள். விறகடுப்புக்கு அது சரி. ஆனால் 'போக்கி' என்ற சொல்லைக் கொஞ்ச நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். பாவம் போக்கும் தீர்த்தம் என்கிறோம். போன பாவம் எங்கே போய் உட்காருகிறது என்று யாரும் கேட்பதில்லை. புகைக்கும் அப்படித்தான் விட்டுவிட்டோம்.

சிம்னியின் உயரத்துக்கு நம் நாட்டில் ஒரு சூத்திரம் உண்டு. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்ஸைடு வெளியேறுகிறதோ அந்த எண்ணின் 0.3 அடுக்கை 14ஆல் பெருக்க வேண்டும். வருவது மீட்டரில் உயரம். எப்படியும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. நீங்களே போட்டுப் பாருங்கள். 100 கிலோ விடுகிறவன் 56 மீட்டர் கட்ட வேண்டும். 1000 கிலோ விடுகிறவன் 111 மீட்டர். விஷம் பத்து மடங்கு, உயரம் இரண்டு மடங்கு. வெளியே விடும் கந்தகத்தில் ஒரு கிராமைக்கூட இந்தக் கணக்கு குறைக்கவில்லை. தரையில் நிற்கும் நம் மூக்குக்கு வருவதற்குள் கலைந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் ஆசை.

கலைந்து எங்கே போகும்? கனடாவில் சட்பரி என்ற ஊரில் நிக்கல் உருக்காலைக்காக 1972ல் 381 மீட்டருக்கு ஒரு சிம்னி எழுப்பினார்கள். ஊர்க்காற்று தெளிந்தது. கந்தகமோ நெடுந்தூரம் தள்ளி அமில மழையாக இறங்கியது. 1952 டிசம்பரில் லண்டனைப் புகை மூடி சில நாட்களில் 4000 பேர் செத்த பிறகு பிரிட்டனிலும் மின் நிலையச் சிம்னிகளை உயர்த்திக்கொண்டே போனார்கள். அந்தப் புகை கடல் தாண்டிப் போய் நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீனைக் கொன்றது.

செம்பூரில் இன்னொரு சங்கதி நடக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அங்கே 1950களின் நடுவில் வந்தன, உரத் தொழிற்சாலை அடுத்த பத்தாண்டில் பக்கத்திலேயே வந்தது. எண்ணெய் எரிகிற இடத்தில் கந்தகம், உரம் செய்கிற இடத்தில் அம்மோனியா. இரண்டும் காற்றில் சந்தித்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அம்மோனியம் சல்பேட். என் தாத்தா மூட்டையாக வாங்கி நெல்லுக்குப் போட்ட அதே உப்பு. வயலில் அது உரம். காற்றில் அது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கைவிடச் சிறிய துகள். மூக்கு முடி அதைப் பிடிக்காது. நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் அங்கிருந்து இரத்தத்துக்குள் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் காற்றால் வரும் என்று சொன்னால் மக்கள் சிரிக்கிறார்கள், வருவது இந்த வழியில்தான். இதற்கு வாசனை கிடையாது என்பதுதான் கொடுமை. ராத்திரி காற்று செத்து நாறும்போது ஜன்னலைச் சாத்துகிறோம், காலையில் நாற்றம் போனதும் திறந்துவிடுகிறோம். நாற்றம் போயிற்று என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

போக்குவதற்குப் பதிலாகக் கழுவலாம். வேறெங்கோ இல்லை, உங்கள் பால்கனிக்கு எதிரிலேயே, டிராம்பே அனல் மின் நிலையத்தில் 1980களிலேயே கழுவினார்கள். கடல்நீருக்கு இயல்பாகவே கொஞ்சம் காரத்தன்மை உண்டு. புகையை அதில் குளிப்பாட்டினால் கந்தக டை ஆக்ஸைடில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். கடல் இருக்கிறது, தொழில்நுட்பம் அப்போதே இருந்தது. ஆனால் நாடு முழுக்க மின் நிலையங்கள் கந்தகத்தைக் குறைக்க வேண்டும் என்று விதி வந்ததே 2015 டிசம்பரில்தான். இரண்டே வருஷம் கெடு. பிறகு அது தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில், ஏறக்குறைய முக்கால்வாசி நிலையங்களுக்கு அந்த வரம்பே கிடையாது என்று ஆகிவிட்டது. சிம்னி மட்டும் விதிப்படி உயரமாக இருந்தால் போதுமாம்! பெரிய நகரங்களையும் மாசு மிகுந்த இடங்களையும் ஒட்டி நிற்பவைக்கு மட்டும் இந்தச் சலுகை தானாகக் கிடைக்கவில்லை. பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கழுவு, பட்டிக்காட்டில் இருந்தால் உயர்த்து.

இப்போது உங்கள் பேக்கரிக்கு வருகிறேன், கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. தப்பில்லை. உடைந்த நாற்காலி மேஜையைப் பெயின்டோடு அடுப்பில் தள்ளுகிற பேக்கரிகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில் சாகிறவன் அந்த அடுப்பு முன்னால் நிற்கிற பையன்தான். ஆனால் பாவ் சுடுகிறவனுக்கு ஆறு மாதம், அனல் மின் நிலையத்துக்குப் பத்து வருஷமும் பிறகு மன்னிப்பும். உங்கள் காரில் போடும் டீசலில் 2020 ஏப்ரலிலிருந்து பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. தொழிற்சாலை பாய்லரில் எரியும் ஃபர்னஸ் ஆயிலில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு வரைக்கும் இருக்கலாம். டெல்லியைச் சுற்றி உச்ச நீதிமன்றம் 2017லேயே அதைத் தடை செய்தது. இத்தனையையும் விட்டுவிட்டுத் தாராவிக் குப்பை மேல் பாய்கிறீர்கள். தாராவிப் புகை தாழ்வாகப் போகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, எரிக்கிறவன் யார் என்றும் தெரிகிறது. அதனால் அவன்மேல் கோபப்படுவது சுலபம், அம்மா.

அப்பா 1991ல் இறந்தார். கடைசி மூன்று வருஷம் படுத்துத் தூங்கியதில்லை, சுவரில் சாய்ந்துதான். பாய்லருக்குள் இறங்கிக் கரி சுரண்டுகிற வேலையில் மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஷிப்டிலும் புது டாக்டர் வருவார். முதல் கேள்வி, "எத்தனை பீடி?" வெற்றிலை உண்டு, பீடி தொட்டதில்லை என்பார் அப்பா. சாயங்காலம் இன்னொருவர், "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" டிஸ்சார்ஜ் காகிதத்தில் நீண்ட நாள் புகைபிடிப்பவர் என்று எழுதியிருந்தது. தாராவித் தமிழன், கூலி, இருமல். கணக்கு அவர்களுக்கு வந்துவிட்டது. கம்பெனி கைகழுவிக்கொள்ள அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. நான் படித்துச் சொன்னதும் அம்மா சொன்னாள்: "அந்த மனுசன் குடிச்சது கம்பெனிப் புகைலே. போயி அத எழுதச் சொல்லு." போனேன். கிளார்க் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் தருபவற்றில் புகையிலை இருக்கும் அதே முதல் வரிசையில் சேர்த்தது 2013ல். அப்பா போய் 22 வருஷம் கழித்து.

இடம் மாறுவது பற்றிக் கேட்டீர்கள். கார்கருக்குப் பக்கத்திலேயே தலோஜா தொழிற்பேட்டை இருக்கிறது, கணவருக்குத் தெரியுமா? ராத்திரி ரசாயன நாற்றம் வருகிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் வருஷக்கணக்காகப் புகார் எழுதுகிறார்கள். போதாததற்கு, பகலில் மேற்கிலிருந்து கடற்காற்று எழும்போது மாஹுல் புகை ஓடை தாண்டி அந்தத் திசைக்குத்தான் போகிறது. ஒரு வார நாளில் ராத்திரி 11 மணிக்குப் போய் நின்று மோந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். உங்களுக்காவது யோசிக்க இடம் இருக்கிறது. தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்தபோது அங்கிருந்தவர்களுக்கு மாற்று வீடு எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? மாஹுலில், சிம்னிகளின் காலடியில். 2019ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, அங்கே இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே, வேறு இடம் தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று சொல்ல வேண்டியிருந்தது.

கோச்சிங்கை நிறுத்தாதீர்கள், சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். குளிர்காலத்தில் காலை 6 மணிக்கு ராத்திரிப் புகை அப்படியே தரையில் படுத்திருக்கும், வெயில் ஏறிக் கடற்காற்று வந்தால்தான் எழும். ஓடுகிற பிள்ளை வாயால் மூச்சு விடுவான், மூக்கு பிடித்து வைத்திருக்கக்கூடிய கந்தக டை ஆக்ஸைடு நேரே உள்ளே போகும். இழுப்பு உள்ள பிள்ளைக்குச் சில நிமிஷம் போதும். பியூரிஃபையர் எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் கடை வைத்திருக்கவில்லை. ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள், அயனி, ஓசோன் என்று பெருமை பேசுவதைத் தொடாதீர்கள். ஹெப்பா துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கதவைச் சாத்திய ஓர் அறைக்குத்தான் உதவும். அதே அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றினால் மிஷினுக்குக் கரண்ட் செலவு மட்டும்தான் மிச்சம். காற்று 'அளவுக்குள்' இருக்கிறது என்று யாராவது சொன்னால், யாருடைய அளவு என்று கேளுங்கள். நுண்துகளுக்கு ஆண்டு சராசரியாக நம்முடையது ஒரு கன மீட்டர் காற்றுக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 5.

உங்கள் பையன் சொன்னதை மறக்க முடியவில்லை. மேகம் பண்ற கம்பெனி. பாதி சரிதான். சிம்னி வாயில் பஞ்சு மாதிரித் தெரியும் வெள்ளை பெரும்பாலும் நீராவி, கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும். வெள்ளை கரைந்த பிறகும் அதே திசையில் பழுப்பாகவோ நீலமாகவோ ஒரு கோடு நீள்கிறதா என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா கொடியில் துணி போடுவதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பாள். "காத்து திரும்பிட்டு" என்று அவள் சொன்னால் எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், பத்து வீட்டுத் துணி உள்ளே போகும். அவளுக்கு எழுதத் தெரியாது, எழுதியிருந்தால் அந்த கிளார்க்கிடம் காட்ட எங்களிடம் ஏதாவது இருந்திருக்கும். பையனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, மணி, கோடு எந்தப் பக்கம் போகிறது, அன்றைக்கு அவனுக்கு இழுப்பு வந்ததா. இரண்டு மாதம் ஆனதும் நகல் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று போடுங்கள், எனக்கு ஒன்று அனுப்புங்கள்.