கடலூரும் புதுச்சேரியும் ஒரே பெருநகரம் ஆகுமா?

வீடுகள் நெருங்கினால் ஊர் ஒன்றாகிவிடும் என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படியே பார்க்கிறது: கட்டடங்கள் தொடர்ச்சியாகப் பரவியிருந்தால் அது நகரத் தொகுதி. யார் எங்கே வேலைக்குப் போகிறார் என்பது அதில் வராது. அமெரிக்காவில் வேறு கணக்கு. ஒரு மாவட்டத்தில் குடியிருந்து வேலைக்குப் போகிறவர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் மைய நகரம் இருக்கும் மாவட்டத்துக்குப் போய்வந்தால், நடுவில் வயல் கிடந்தாலும் அது பெருநகரப் பகுதிதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். காலை எட்டு மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் நில்லுங்கள். புதுச்சேரி வண்டியில் டிபன் பாக்ஸும் அடையாள அட்டையுமாக ஏறுகிறவர்கள்தான் உண்மையான எல்லையை வரைகிறார்கள். முள்ளோடையில் மாநில எல்லையைக் கடப்பதை அவர்கள் கவனிப்பதுகூட இல்லை. (பெட்ரோல் விலை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.) கோட்டக்குப்பத்தைப் பாருங்கள்: விழுப்புரம் மாவட்டம்தான், ஆனால் அன்றாடப் பிழைப்பு புதுச்சேரியில். மறுபக்கம் பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, தூரத்தில் கடலூர்தான் பக்கம்.

ஆகவே பயணத்தை வைத்து வரைந்தால் இரண்டும் ஒரே பகுதியாகலாம். நிர்வாகத்தில் அது கடினம். இரண்டு அரசுகள், தனித்தனி நகரமைப்புத் துறைகள். இரண்டுக்கும் பொதுவான ஒரு பேருந்துத் திட்டம் போடுவதற்கே இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.