டீசல் சொட்டாத இடத்தில்தான் காற்று நுழைகிறது: பழைய ராணுவ லாரிகள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே நோயைப் பற்றியவை. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய லாரிகள், மாதவரத்திலிருந்து எண்ணூர் வரை தண்ணீர் வண்டியாகவும் விபத்து வண்டிகளை இழுக்கும் மீட்பு வண்டியாகவும் இன்னமும் உழைக்கின்றன. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் பிறந்த சக்திமான், அதற்குப் பின் வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன், இரண்டுமே எளிதில் சாகாத வண்டிகள். என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வரப்படும் வண்டிகளை அதிகம் படுக்கவைப்பது டீசல் லைனில் நுழைந்த காற்றுதான். எனவே அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் நாள் முழுவதும் குறையில்லை. எங்கும் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. எஃப்.ஐ. பம்பை (நாசில்களுக்கு டீசலை அழுத்தத்தோடு அனுப்பும் பம்ப்) கழற்றி கலிபரேஷனுக்கு (அளவு சரிபார்த்துத் திருத்த) கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? — தண்ணீர் லாரி உரிமையாளர், கொடுங்கையூர்

பம்பில் கை வைக்காதீர்கள். நாள் முழுவதும் சரியாக இழுக்கும் வண்டியின் பம்ப் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது ஃபீட் பம்ப். அதுவரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகுதான் அது தள்ளப்படுகிறது. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும், தரையில் கறை தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கீறல் விழுந்த ஸ்ட்ராவைப் போட்டு இளநீர் குடித்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி காற்றுதான் வாய்க்கு வரும். இளநீர் மட்டும் வெளியே சொட்டாது. இரவில் வண்டி நிற்கும்போது அந்தக் கீறல் வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கு இறங்கிவிடுகிறது. காலையில் நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது ஃபீட் பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் இதே குறையோடு வந்த ஒரு வண்டிக்கு நானே பம்பைக் கழற்றி கலிபரேஷனுக்கு அனுப்பினேன். பெரிய செலவு. மாட்டிய மறுநாள் காலையும் அதே கதை. கடைசியில் சேசிஸ் ஓரமாக ஒரு கிளாம்புக்கு அடியில், உப்புக்காற்றில் அரித்த இரும்புக் குழாயில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. நம்பி வந்தவரின் பணத்தை வீணாக்கிய வருத்தம் இன்றுவரை போகவில்லை. அதனால்தான் காற்றைக் கண்ணால் பார்க்காமல் எதையும் கழற்றக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பார்ப்பது எளிது. ஃபீட் பம்புக்குள் நுழையும் ஹோஸை எடுத்துவிட்டு, டீசலைத் தாங்கக்கூடிய, உள்ளே இருப்பது தெரியும் டியூபை ஒரு முழ நீளத்துக்கு மாட்டுங்கள். ஏர் எடுத்துவிட்டு, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். முதலில் நாலு குமிழி வந்து போகும், அது மாட்டும்போது புகுந்த காற்று. அதன் பிறகும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால், ஓட்டை அந்த டியூபுக்கும் டேங்குக்கும் இடையில்தான். இனி டேங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான கிரீஸை விரலால் அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் அப்பியதும் குமிழி நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. முக்கியமாகக் கிளாம்புகளைக் கழற்றி, அவற்றின் அடியில் இருக்கும் குழாயைப் பாருங்கள். உப்பும் சேறும் அங்கேதான் தங்கும்.

இன்னும் சந்தேகமா? ஒரு கேனில் சுத்தமான டீசலை எடுத்து, புது ஹோஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப்பார்த்துவிட்டு, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் தொட்டதும் எழுந்தால் பழைய லைன்தான் கெட்டது. கேனைப் பம்பைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். மேலே வைத்தால் டீசல் தானாகவே இறங்கி, குறையை மறைத்துவிடும். இந்த ஒரு தவறால் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

டேங்க் நிரம்பியிருக்கும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறி நிற்கிறது. ஹோஸ் எல்லாம் புதிது. — மணலி

டேங்குக்குள் தொங்கும் உறிஞ்சு குழாயில் நடுவே விரிசல். டீசல் விரிசலுக்கு மேலே நிற்கும்வரை அதன் வழியாகவும் டீசல்தான் போகும். மட்டம் கீழே இறங்கியதும் காற்று போகும். டேங்கின் மேலே குழாயைப் பிடித்திருக்கும் தட்டான ஃபிளாஞ்சின் திருகுகளைக் கழற்றினால் குழாய் வெளியே வந்துவிடும். அதைப் பட்டறையில் தனியாகப் பற்றவையுங்கள், அல்லது புதுக்குழாய் போடுங்கள். ஃபிளாஞ்சுக்கு அடியில் இருக்கும் கார்க் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் டேங்கின் மேல் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். காலி டேங்க் என்பது டீசல் ஆவி நிறைந்த டேங்க். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று சொல்லி வெல்டிங் வைத்து வெடித்த டேங்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கை பம்பை எவ்வளவு அடித்தாலும் இறுக்கமே வரவில்லை. — ஐஸ் லாரி ஓட்டுநர், காசிமேடு

ஃபீட் பம்பில் இருக்கும், கையால் அடித்து டீசலை வரவழைக்கும் அந்தக் கை பம்பே காற்று வாங்குகிறது. உள்ளே இருக்கும் பிஸ்டனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். ஃபீட் பம்பின் வால்வுகளில் தூசு சிக்கினாலும் இப்படி ஆகும், அவற்றையும் கழற்றிச் சுத்தமான டீசலில் கழுவுங்கள். அடித்து முடித்ததும் கை பம்பின் பிடியைத் திருகி இறுக்கி மூடுகிறீர்களா? பாதி திருகிவிட்டால் ஓடும்போதும் அதன் வழியாகக் காற்று போகும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி நின்றுவிட்டது. உதவிக்கு வந்தவர் ஒவ்வொரு நாசில் நட்டையும் கழற்றி ஏர் எடுத்தார். அரை மணி நேரம் ஆகியும் ஸ்டார்ட் ஆகவில்லை. எந்த வரிசையில் எடுக்க வேண்டும்? — மீட்பு வண்டி ஓட்டுநர், திருவொற்றியூர்

டேங்க் பக்கத்திலிருந்து என்ஜினை நோக்கி வர வேண்டும். முதலில் ஃபில்டர், அடுத்து எஃப்.ஐ. பம்ப், கடைசியில், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில். டேங்க் பக்கம் காற்று இருக்கும்போது நாசில் பக்கம் திறந்தால் அரை மணி நேரம் என்ன, அரை நாள் ஆனாலும் வராது.

ஃபில்டரின் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, கை பம்பை நிதானமாக அடியுங்கள். முதலில் ‘புஸ்’ என்று காற்று மட்டும் வரும். பிறகு வெள்ளை நுரையாக டீசல் கொப்பளிக்கும். அந்த நுரையைப் பார்த்து ‘வந்துவிட்டது’ என்று மூடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நுரை மெலிந்து, இடையிடையே ஒற்றைக் குமிழி வெடித்து, அதுவும் நின்று, கண்ணாடி போலத் தெளிந்த டீசல் வழிய வேண்டும். அதுவரை அடியுங்கள். கை பம்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் காற்று திரும்பப் போய்விடும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டிலும் இப்படியே. பிறகு எஃப்.ஐ. பம்பின் ஏர் ஸ்க்ரூ.

இவ்வளவு செய்தாலே பெரும்பாலும் என்ஜின் எழுந்துவிடும். எழாவிட்டால் இரண்டு மூன்று நாசில் நட்டுகளை மட்டும் ஒரு சுற்று தளர்த்தி, பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் கொடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடு ஆற ஒரு நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். நட்டின் ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிடலாம். ஓடும் என்ஜினின் நாசில் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். பழைய என்ஜின்களிலும் அந்த அழுத்தம் 150 பாருக்கு மேல். ஊசிபோல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். அப்படிப் பட்டுவிட்டால் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காமல், அந்த நிமிடமே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

டேங்குக்குள் கம்ப்ரெசர் காற்றை விட்டால் ஓட்டை தெரிந்துவிடும் என்கிறார்களே? — தண்டையார்பேட்டை

தெரியும், ஆனால் டேங்க் உப்பி மடிப்பு பிளந்துவிடும். டயருக்கு விடும் காற்றைத் தாங்கும்படி டேங்கைச் செய்வதில்லை. டேங்கை விட்டுவிட்டு லைனை மட்டும் சோதியுங்கள். குழாயை டேங்க் பக்கம் கழற்றி அடைத்துவிட்டு, ஃபீட் பம்ப் பக்கத்திலிருந்து சைக்கிள் பம்பால் ஐந்து பவுண்டு காற்று கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். ஐந்து பவுண்டே போதும்.

பத்து ஆண்டுகளாக ஒரு சக்திமானைப் பராமரித்து வருகிறேன். மாதம் ஒருமுறைதான் எடுப்பேன். முன்பு இல்லாத கசிவு சில ஆண்டுகளாக எல்லா இணைப்பிலும் வருகிறது. இறுக்க இறுக்க அதிகமாகிறது. — பெரம்பூர்

இப்படி ஒரு வண்டியைப் பிள்ளைபோல வைத்திருப்பவர்கள் குறைவு. உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசுக் கட்டுப்பாட்டு அளவுகோல்) டீசல்தான். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ். 4 டீசலில் 50 வரை அனுமதி. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், ரப்பரை ஊறவைத்து உப்பலாக வைத்திருக்கும் சில பொருள்களும் குறைந்துவிடுகின்றன. பழைய டீசலிலேயே பல ஆண்டுகள் ஊறிய நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் இந்த மாற்றத்தில் சுருங்கலாம். வயதானதால் அதற்கு நெகிழ்வும் இருக்காது. எல்லா இணைப்பிலும் ஒரே காலத்தில் கசிவு வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். எல்லா ஓ-ரிங்குகளையும் ஹோஸ்களையும் ஒரே முறையில் மாற்றுங்கள். ஓ-ரிங்குக்கு வைட்டான் என்ற ரப்பர் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இறுக்க இறுக்க அதிகமாவது செம்பு வாஷரின் குறை. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், மறுபடி இறுக்கினால் படியாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வாஷர் போடுவதே நல்லது. சக்திமானுக்கு அளவு கிடைக்காவிட்டால், பழையதைக் கம்பியில் கோத்து, செக்கச்செவேல் என்று வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பை இப்படிச் செய்தால் கடினமாகும், செம்பு இளகும். மேலே படிந்த கருமையை மெல்லிய எமரி தாளைக் கண்ணாடி மேல் விரித்து, வாஷரை வட்டமாகத் தேய்த்து எடுங்கள். இரு முகமும் தட்டையாக, ரோஜா நிறத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். கையில் எடுத்தாலே அதன் மென்மை தெரியும்.

டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள். இந்த இணைப்புகளில் அடைப்பது மரை அல்ல, முகமும் வாஷரும்தான். பிய்ந்த டேப் துணுக்கு ஃபீட் பம்ப் வால்வில் போய் உட்கார்ந்தால் புதிய தலைவலி.

பட்டறையில் லைனை வாயால் உறிஞ்சி டீசல் வரவழைக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். — வேலை பழகும் இளைஞர், வியாசர்பாடி

தம்பி, செய்யாதே. டீசல் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழலுக்குள் போவது கொடியது. ஒரு வாய் டீசல் புரையேறினால் நுரையீரல் வெந்து காய்ச்சல் வந்துவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. வெளியே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. கை பம்ப் இருப்பது இதற்காகத்தான். அது வேலை செய்யாவிட்டால், ரப்பர் பந்து வைத்த சிறிய கை பம்பு கடைகளில் கிடைக்கிறது. அதை லைனில் இடையே மாட்டி அமுக்கு. உன் மேஸ்திரி கோபித்துக்கொண்டால் இந்தப் பதிலை அவரிடம் காட்டு. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மாதவரம் லாரி நிலையத்திலிருந்து கிளம்பி இருபது நிமிடத்தில் வண்டி நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. — செங்குன்றம்

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து காதை வையுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையும் அளவுக்குக் காற்று டேங்குக்குள் போக வழியில்லாமல் ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் தவிக்கிறது. அந்த இழுப்பில், நலிந்த இணைப்புகள் வழியாகக் காற்றும் புகும். மூடியைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். மழைத்தண்ணீர் போகாமல் இருக்க மூடிக்கு மேல் பாலித்தீன் உறை கட்டியிருந்தால் அதை அவிழ்த்துவிடுங்கள்.