வாசகர் கேள்வி பதில்: ஆறும் புல்லும் 43 லட்சம் டொலரும்

பரந்தனில இருந்து ஒரு வெடிங் போட்டோகிராபர்:
அண்ணை, டுசல்டோர்ஃப் மாமா வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பினவர். புல்லு, ஆறு, திரும்பப் புல்லு, சாம்பல் வானம், அவ்வளவுதான். 43 லட்சம் டொலருக்கு வித்ததாம். எங்கட வாய்க்கால் கட்டில நிண்டு நான் எடுத்தா இதைவிட வடிவா வரும். மாமா புழுகுறாரோ?

பதில்: மாமா புழுகேல்ல தம்பி. அது அன்ட்ரியாஸ் குர்ஸ்கி எண்ட ஜேர்மன் போட்டோகிராபர் 1999ல செய்த ‘ரைன் 2’, ரைன் எண்டது அங்க ஓடுற ஆறு. 2011 நவம்பரில நியூயோர்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில போனது, அந்த நேரம் ஏலத்தில ஆகக்கூட விலை போன போட்டோ அதுதான், பிறகு 2022ல மான் ரே எண்ட அமெரிக்கப் போட்டோகிராபற்ற படம் ஒரு கோடி டொலரையும் தாண்டினது வேற கதை. நீங்கள் பாத்தது போன் ஸ்கிரீன்ல, உண்மையான படம் பிரேமோட மூண்டரை மீற்றருக்கு மேல அகலம், உங்கட ஸ்ரூடியோச் சுவர் கொள்ளுமோ தெரியாது. ஆறே ஆறு பிரிண்ட்தான், அதிலயும் லண்டன் டேட்டில ஒண்டு, நியூயோர்க் மோமாவில ஒண்டு எண்டு மியூசியங்களுக்குள்ள போட்டுது. சந்தையில இல்லாத சாமானுக்கு விலை ஏறும்தானே, அறுவடை முடிய நெல்லு விலை விழுகிறதைப் பாத்த ஆக்களுக்கு நான் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

முள்ளியவளையில இருந்து ஏ.எல் சித்திரம் செய்யிற பிள்ளை:
இந்தக் குர்ஸ்கி எப்பிடி இவ்வளவு பெரிய ஆளா வந்தவர்?

பதில்: ஸ்ரூடியோக்காரற்ற பெடியன்தான் பிள்ளை. 1955ல லைப்சிக்கில, கிழக்கு ஜேர்மனியில பிறந்தவர், கைக்குழந்தையா இருக்கேக்கயே குடும்பம் மேற்குப் பக்கம் இடம்பெயர்ந்து கடைசியில டுசல்டோர்ஃப்ல இருந்திட்டினம். தகப்பன் விளம்பரப் படம் எடுக்கிறவர், தாத்தாவும் போட்டோகிராபர். எசனில படிச்சிட்டு 1981ல டுசல்டோர்ஃப் கலைக் கல்லூரியில பேர்ண்ட் பெக்கரிட்ட சேந்தார். இந்த பெக்கரும் மனுசி ஹில்லாவும் வருசக்கணக்கா என்ன எடுத்தவை எண்டு நினைக்கிறீங்கள்? தண்ணித் தாங்கி! சுரங்கக் கோபுரம், உருக்கு உலை எல்லாம் இருக்கு, ஆனா தண்ணித் தாங்கிதான் பேர்போனது. கறுப்பு வெள்ளை, நேர முன்னால நிண்டு, வெயில் இல்லாத மூடின வானத்தில, எல்லாம் ஒரே மாதிரி. போரில விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணித் தாங்கிக்கு முன்னால செல்ஃபி எடுத்த சனத்தை நினைச்சுப் பாக்கிறன், பெக்கர் வந்திருந்தா முதல்ல எல்லாரையும் விலத்தச் சொல்லியிருப்பார். குர்ஸ்கி அந்தப் பொறுமையை எடுத்துக்கொண்டு கலருக்கும் பெரிய சைசுக்கும் போனார். 2001ல மோமாவில தனிக் கண்காட்சி, 2010ல தான் படிச்ச கல்லூரியிலயே பேராசிரியர்.

மாங்குளத்தில இருந்து ஒரு வாசகர்:
ரைன் படத்தில இருந்த பவர் ஸ்ரேசனை கொம்பியூட்டரில அழிச்சவராமே, அது ஏமாத்து இல்லையோ?

பதில்: அழிச்சவர்தான், மறைக்கவும் இல்லை. இண்டைய ஆறு ஒண்டைச் சரியாக் காட்ட, கரையில நிண்டு பாத்தா கிடைக்காத காட்சியை உருவாக்கத்தான் வேணும் எண்டது அவற்ற நியாயம். எனக்கு அதில அரை மனசுதான். ரைன்கரையில பவர் ஸ்ரேசனைத் தூக்கினா தூக்கினதுதான், ஆனா எங்கட பக்கம் செல்லில தலை போன பனை ஒண்டு பிரேமுக்குள்ள வந்தா அதை அழிக்க எனக்குக் கை வராது. போன கிழமை பாத்த வெடிங் அல்பத்தில அந்த மொட்டைப் பனையை எடுத்திட்டு வரிசையாத் தென்னை வச்சிருக்கிறாங்கள், மாப்பிள்ளைக்குப் பின்னால கேரளா!

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு தம்பி:
லாண்ட்ஸ்கேப் எடுக்க ட்ரோன் வாங்கட்டோ?

பதில்: காசிருந்தா வாங்குங்கோ, பறக்க விட முதல் சிவில் ஏவியேசன் பெமிசன் எடுங்கோ. ஆனா 1984ல குர்ஸ்கி சுவிஸ் மலையில, கிளவுசன்பாஸ் எண்ட இடத்தில, கூடப்போன ஆள் கேட்டதுக்காக சும்மா ஒரு படம் தட்டினவர், மாதங்கள் கழிச்சுப் பெரிசாக்கேக்கதான் சரிவு முழுக்கப் புள்ளி புள்ளியா ஆக்கள் நடக்கிறதைக் கண்டவர். பிறகு அவற்ற கனக்கப் படங்கள் அப்பிடித்தான், இடம் பெரிசு, ஆக்கள் எறும்பு. இதை வாசிச்ச அண்டு நானும் என்ர பழைய இரணைமடுப் படம் ஒண்டைப் பெரிசாக்கிப் பாத்தன், தண்ணியும் வானமும்தான், ஒண்டுமில்லை எண்டு ஒதுக்கி விட்ட படம். கரையோரமா ஒரு நீலக் குடை. குடைக்குக் கீழ சைக்கிள், காரியர்ல ரியூப்பால கட்டின ரெஜிபோம் மீன் பெட்டி. ஆளைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்.