கோலி சோடா பாட்டில்: எழுத்து மாறினால் அச்சும் மாறுமா?

கேள்வி: எங்கள் தாத்தா சிறிய அளவில் சோடா கம்பெனி நடத்தியவர். பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய கோலி சோடா பாட்டில்கள் ஆறு கிடைத்தன. எல்லாவற்றிலும் எஸ்.எம். என்ற ஆங்கில எழுத்துகள் புடைப்பாக இருக்கின்றன. ஆனால் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறுகிறது, எடையும் மாறுகிறது. ஒன்றில் எஸ் திரும்பி நிற்கிறது. இவை தனித்தனி அச்சுகளா? எது பழையது? எப்படிக் கழுவுவது?

பதில்: ஆறையும் ஒன்றாக வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்தது போக மிஞ்சியவை குறைவு. ஒரே கம்பெனியின் பாட்டில்கள் சேர்ந்தாற்போல் கிடைப்பது இன்னும் அரிது.

எடையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அச்சு என்பது உருகிய கண்ணாடியை உள்ளே வைத்து ஊதும் கூடு; பாட்டிலின் வெளி வடிவத்தைத்தான் அது தீர்மானிக்கிறது. உள்ளே கண்ணாடி எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பது, ஊதுகிறவர் எவ்வளவு உருகிய கண்ணாடியை எடுத்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே அச்சில் அடுத்தடுத்து ஊதிய இரண்டு பாட்டில்களுக்குள்ளேயே எடை வித்தியாசம் வரும்.

எழுத்துதான் பேசும். பென்சிலும் மெல்லிய வெள்ளைத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் மேல் தாளை இறுக்கிப் பிடித்து, சின்ன வயதில் நாணயத்தைப் பதிவெடுப்போமே, அதேபோல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பாட்டிலின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே ஓடும் அச்சுக்கோடுகளும் அதே தாளில் பதிய வேண்டும். இரு பாதி அச்சு ஒன்றோடொன்று சேர்ந்த இடம் அது. பிறகு இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோடுகளைப் பொருத்திப் பாருங்கள். எழுத்துகள் அதே இடத்தில் விழுந்தால் ஒரே அச்சு. ஒரு நூல் அளவு தள்ளி நின்றால்கூட வேறு அச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலுக்கு இரண்டு முறை பதிவெடுங்கள். தாள் நழுவியதை அச்சு வேறுபாடு என்று நினைத்து நானும் ஏமாந்திருக்கிறேன்.

எழுத்து மங்கலாக இருப்பதை வேறுபாடாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அச்சு சூடேறுவதற்கு முன் ஊதியதும், அச்சு தேய்ந்த பிறகு ஊதியதும் மங்கலாகத்தான் வரும். பார்க்க வேண்டியது எழுத்து நிற்கும் இடத்தை.

சரி, திரும்பிய எஸ்? அச்சில் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாகச் செதுக்கினால்தான் பாட்டிலில் நேராக விழும். செதுக்கியவர் பழக்கத்தில் நேராகவே வெட்டிவிட்டால் பாட்டிலில் திரும்பிவிடும். எம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் அதில் இந்தத் தவறு நடந்தாலும் தெரியாது, எஸ் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆகவே அது தனி அச்சுதான், சந்தேகமில்லை. சேகரிப்பவர்கள் தேடுவதும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

வயது விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அச்சுக்கோடு வாய் விளிம்புவரை ஏறினால் இயந்திரத் தயாரிப்பு, கழுத்தோடு நின்றுவிட்டால் அதற்கு முந்தைய கைவேலை என்று ஒரு விதி சொல்வார்கள். அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி பாட்டில் இயந்திரம் 1903 வாக்கில் வந்ததை ஒட்டி, அமெரிக்க பாட்டில்களுக்குச் சொன்ன விதி அது. கோலி பாட்டிலுக்கு அதை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. லண்டனில் ஹைரம் காட் என்ற பொறியாளர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற இந்த வடிவத்தில், கோலி வாயைவிடப் பெரியது. கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயைச் சூடாக்கிச் சுருக்கி, ரப்பர் வாஷர் உட்காரும் பள்ளத்தை உருவாக்க முடியும். பிற்காலத்து பாட்டிலிலும் வாய் இப்படித் தனியாக முடித்ததாகவே இருக்கும் என்பதால் கோடு அங்கே அழிந்துபோகிறது. இங்கிலாந்தில் வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் இந்த பாட்டில் தயாரிப்பு நிற்கவில்லை. நேற்று செய்ததிலும் கோடு கழுத்தோடு நிற்கலாம். இந்த ஒரு அடையாளத்தைக் காட்டி நூறு வருஷப் பழசு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பச்சை நிறமும் கண்ணாடிக்குள் தெரியும் குமிழிகளும் அப்படித்தான், வயதைச் சொல்லாது. மணலில் இரும்பு கலந்திருந்தால் எந்தக் காலத்துக் கண்ணாடியும் பச்சையாக வரலாம்.

அடிப்பக்கத் தேய்மானத்தை நம்பலாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல வருஷம் பெட்டியிலும் சிமெண்டுத் தரையிலும் புழங்கிய பாட்டிலில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும் கீறல்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருந்தால் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும், தரை படாத குழியிலும் இருக்கும். அதோடு தேய்மானம் புழக்கத்தைச் சொல்லுமே தவிர வருஷத்தைச் சொல்லாது. வருஷம் வேண்டுமென்றால் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பாட்டில் வாங்கிய பில், கம்பெனி லைசென்ஸ், கணக்கு நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

கழுவுவதற்கு முன் இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் திரவம் கலந்து ஒரு நாள் ஊறவிடலாம். உள்ளே அழுக்கு பிடித்திருந்தால் கொஞ்சம் அரிசியும் தண்ணீரும் போட்டு, கோலி கண்ணாடியில் மோதாதபடி பாட்டிலை மெதுவாகச் சுழற்றுங்கள். ஆசிட் வேண்டாம். காய்ந்து இறுகிய வாஷரைக் கத்தியால் நெம்பினால் விளிம்பு பெயர்ந்துவிடும். அது அப்படியே இருக்கட்டும். நனைந்தால் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகிற வெண்மூட்டம் அழுக்கு அல்ல. ஈரத்தில் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போனது அது, கழுவிப் போகாது. எண்ணெய் தடவி அதை மறைத்து விற்பவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆசைக்குக்கூட இவற்றில் கேஸ் ஏற்ற வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தால் போதும், கையிலேயே வெடிக்கும்.

அப்புறம், பதிவெடுத்த தாள்களை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பாட்டிலின் உயரம், அடியில் ஏதாவது எண் இருந்தால் அது, கிடைத்த இடம் மூன்றையும் எழுதி, அந்தந்த பாட்டிலோடு சேர்த்து வையுங்கள். உங்கள் ஊரில் வேறு யாரிடமாவது ஏழாவது எஸ்.எம். பாட்டில் தென்பட்டால், அது எந்த அச்சு என்று அந்தத் தாளை வைத்தே பார்த்துவிடலாம்.