ஹாலோவீன் சவப்பெட்டி: தோள் சரியாக விழ வேண்டும்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். குழந்தைகள் பேய்வேடமிட்டு மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீனுக்காக, சென்ற அக்டோபர் 31 அன்று வீட்டின் முன் புல்வெளியில் வைக்க அட்டையில் ஒரு சவப்பெட்டி செய்தேன். ஒரே மழையில் ஊறிச் சரிந்தது. இம்முறை மரத்தில் செய்ய ஆசை. அளவும் வெட்டும் கோணமும் பிடிபடவில்லை.

பதில்: நீள்சதுரப் பெட்டி தூரத்திலிருந்து வெறும் மரப்பெட்டியாகத்தான் தெரியும். தலைப்பக்கம் ஒடுங்கி, தோளில் அகன்று, காலை நோக்கிக் குறுகும் பழைய அறுகோண வடிவமே பார்த்த கணத்தில் சவப்பெட்டி என்று சொல்லும். தோள் கீழே இறங்கினால் படகு போலாகிவிடும். தலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் அது வரட்டும்.

வேலிக்கு அடிக்கும் சீடார் பலகை ஒன்பது வாங்குங்கள்: 6 அடி நீளம், 5½ அங்குல அகலம், 5/8 அங்குலத் தடிமன். பழைய சரக்குப் பலகைத்தட்டுகளைப் (பேலட்) பிரிப்பதானால் ‘எம்பி’ (MB) முத்திரை உள்ளதைத் தொடாதீர்கள். அது மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றிய மரம்.

தரையில் 60 அங்குலத்துக்கு நடுக்கோடு வரையுங்கள். தலையில் 12 அங்குல அகலம், அங்கிருந்து 20 அங்குலம் தள்ளித் தோளில் 22, காலில் 10. புள்ளிகளைச் சேர்த்தால் பக்கப் பலகைகள் 20⅝ அங்குலமும் 40½ அங்குலமும் வரும். இரண்டும் ஒரே பலகையில் அடங்கும். தோளில் சேரும் இரு முனைகளையும் ரம்பத்தைச் சாய்த்து 11 டிகிரியில் அறுக்க வேண்டும். தலைமுனைக்கு 14 டிகிரி, கால்முனைக்கு 8½. அவற்றின் மேல் குறுக்குப் பலகையை வைத்துத் திருகிவிடலாம். சீடார் எளிதில் பிளக்கும். முதலில் துளையிட்ட பிறகே திருகாணியை இறக்குங்கள். தோள் மூட்டுக்கு உட்புறம் ஒரு தகரப் பட்டையை வளைத்து அடியுங்கள்.

இப்படி இரண்டு வளையங்கள் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 11 அங்குல ஆழம் கிடைக்கும். அறுத்து மிஞ்சிய துண்டுகளும் ஏறக்குறைய அதே நீளம்தான். அவற்றை உள்ளே நிறுத்தித் திருகினால் வளையங்கள் பிரியாது. நான்கு பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் சரியாக 22 அங்குலம், அதுவே மூடி. அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்துக் கோடிட்டு ஜிக்சாவால் அறுங்கள். புல்மேல் கிடப்பதற்கு அடிப்பலகை தேவையில்லை.

பெயின்ட் வேண்டாம். வினிகரில் இரும்புக் கம்பளியை ஓரிரு நாள் ஊறவைத்துப் பூசுங்கள்; சீடாரின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து, பல காலம் மண்ணில் கிடந்த கருஞ்சாம்பல் நிறம் வரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இது. ஊறும் ஜாடியை இறுக மூடாதீர்கள், வாயு சேரும்.

மூடிக்குத் தாழ்ப்பாளோ கீலோ போடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். மிட்டாய் வாங்க வரும் குழந்தை உள்ளே ஏறிப் படுக்கத்தான் பார்க்கும். கட்டை கொடுத்து மூன்று அங்குல இடைவெளியோடு மூடியை அசையாமல் திருகிவிட்டு, அந்த இடுக்கில் பிளாஸ்டிக் எலும்புக்கை ஒன்றை நீட்டிவிடுங்கள். உள்ளே எல்இடி விளக்கு போதும். வைக்கோலுக்கும் துணிக்கும் அருகில் மெழுகுவத்தி வேண்டாம்.

நிமிர்த்தி வைப்பதானால் பின்னால் இரண்டு முறுக்குக்கம்பிகளை நிலத்தில் அடித்துக் கட்டுங்கள். அடிப்பதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் நிலத்தடிக் குழாய், மின்கம்பி செல்லும் இடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். எதிர்வீட்டில் அண்மையில் துக்கம் நேர்ந்திருந்தால் பெட்டியை அவர்கள் சன்னலுக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டுக்கு மாற்றிவிடுங்கள்.