பெசாக் இனிப்பு: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

யூதர்களோட பெசாக் பண்டிகை வந்தாலே எங்க வீட்ல இனிப்பு என் பொறுப்புதான். மாமியார் பக்கம் போலந்து வழி அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய யூதர், நாத்தனார் வீட்டுக்காரர் மொராக்கோ யூதர், அதனால ரெண்டு பக்க சமையலும் கையில இருக்கு. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விங்களுக்கு பதில் கீழே.

அக்கா, ஆபீஸ் தோழி செடருக்கு, அதான் பெசாக் தொடக்க ராத்திரி சடங்கு விருந்துக்கு, கூப்பிட்டிருக்காங்க. கோதுமை கூடாதுன்னு தெரியும், அரிசி மாவு கேக் கொண்டு போலாமா?

முதல்ல அவங்ககிட்ட வீட்டு வழக்கம் என்னன்னு கேட்டுடுங்கம்மா. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் இந்த அஞ்சும் புளிச்சா ஹமேட்ஸ், அதாவது பெசாக்ல விலக்கு, எந்த வீட்லயும் கிடையாது. அரிசி, சோளம், பருப்பு வகை எல்லாம் கிட்னியோட், அஷ்கெனாசி வீடுகள்ல பரம்பரையா ஒதுக்குவாங்க, ஸ்பெயின், மொராக்கோ பக்கத்து வழி வந்த செபார்டிக் வீடுகள்ல நிறைய பேர் சாப்பிடுவாங்க. 2015 கடைசியில யூத மதத்துல கன்சர்வேட்டிவ்னு ஒரு பிரிவு, அதோட அமெரிக்க சட்டக் குழு எல்லாருமே சாப்பிடலாம்னு அனுமதி குடுத்துச்சு, ஆனாலும் பழைய வழக்கத்தை விடாத வீடு ஏராளம். ரொம்ப கண்டிப்பான வீடா இருந்தா உங்க அடுப்புல உங்க பாத்திரத்துல செஞ்சதை எடுத்துக்கவே மாட்டாங்க, பெசாக்குக்குன்னே தனி பாத்திரம் வச்சிருப்பாங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அப்படின்னா முழுப் பழமா வாங்கிட்டு போங்க, இல்லன்னா பெசாக்குக்கு கோஷர்னு (யூத உணவு விதிப்படி ஏத்ததுன்னு) முத்திரை இருக்கிற சீல் பிரிக்காத பாக்கெட்.

அவங்க வீட்டுல வச்சே நான் செஞ்சு தரேன்னு சொன்னா முந்திரி கத்லி ஓகேவா?

ரொம்ப நல்ல யோசனை, முந்திரி கிட்னியோட்ல வராது. ஆனா நெய் போடாதீங்க! செடர் சாப்பாட்டுல பெரும்பாலும் இறைச்சி இருக்கும், அது மேல பால், வெண்ணெய், நெய் எதுவும் வரக்கூடாது, இனிப்பு பார்வேயா இருக்கணும், அதாவது பாலும் இல்லாம இறைச்சியும் இல்லாம. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தொட்டுக்கிட்டா கத்லி அழகா வரும். மைசூர் பாக் மட்டும் வேண்டாம், கடலை மாவு கிட்னியோட்ல வந்துடும்.

மாட்சோ மாவுல கேக் போட்டா அடைச்சு போய் கனமா வருது, என்னதான் பண்றது?

இந்த கேள்விதான் எல்லாரும் கேக்கறீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மாட்சோங்கிறது கோதுமை மாவுல தண்ணி பட்டதுல இருந்து 18 நிமிஷத்துக்குள்ள, புளிக்கறதுக்கு முன்னாடியே சுட்டு எடுக்கிற ரொட்டி, அதை திரும்ப அரைச்சதுதான் உங்க மாவு. ஏற்கனவே வெந்த மாவுல க்ளூட்டன் பிடிப்பு வராது, ஈரத்தை மட்டும் இழுத்துக்கும். அதனால கேக்கை தூக்கி நிறுத்தறது முட்டைதான். கொரகொரப்பான மாட்சோ மீல் வேண்டாம், நைசான கேக் மீல் வாங்குங்க, பாதிக்கு பாதி உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கலந்துக்கோங்க, எட்டு ஒம்பது முட்டை, வெள்ளைக்கருவை தனியா நல்லா நிக்கிற அளவு அடிச்சு மெதுவா மடிச்சு கலக்கணும், நடுவுல குழாய் வச்ச டின்ல எண்ணெய் தடவாம ஊத்தி சுட்டு, வெளிய எடுத்ததும் டின்னை தலைகீழா வச்சு ஆறவிடணும், இல்லன்னா அமுங்கிடும்.

ஆனா மனசுல இருக்கிறதை சொல்லணும்னா, கோதுமை கேக் மாதிரியே வரணும்னு இந்த எட்டு நாள் போராடறதை விட்டுடுங்க. மாவே கேக்காத இனிப்பு எவ்வளவோ இருக்கு. எங்க வீட்ல முதல்ல காலியாகிறது செபார்டிக் ஆரஞ்சு பாதாம் கேக். ரெண்டு ஆரஞ்சை தோலோட முழுசா ரெண்டு மணி நேரம் வேக வச்சு, விதை எடுத்து, தோலோட மைய அரைச்சுடுங்க. ஆறு முட்டை, 250 கிராம் சர்க்கரை, 250 கிராம் பாதாம் பொடி சேர்த்து அடிச்சு, 190 டிகிரியில ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேல சீக்கிரம் கருக ஆரம்பிச்சா ஃபாயில் போட்டு மூடுங்க. வெண்ணெய் இல்ல, மாட்சோவும் இல்ல. ஹசிடிக்னு ரொம்ப பக்தியான ஒரு யூதப் பிரிவு, அதுல சில குடும்பங்கள்ல மாட்சோவை ஈரத்துல சேர்த்து எதுவும் செய்ய மாட்டாங்க, எட்டாம் நாள்தான் சாப்பிடுவாங்க, அவங்களுக்கும் இந்த கேக் பொருந்தும். முதல் நாளே செஞ்சு வச்சா ருசி இன்னும் கூடும்.

தேங்காய் மாக்கரூன்ல கண்டென்ஸ்டு மில்க் ஊத்தலாமா?

இறைச்சி சாப்பாட்டுக்கு அப்புறம்னா கூடாது. நாலு வெள்ளைக்கரு, 150 கிராம் சர்க்கரை, 250 கிராம் உலர்ந்த தேங்காய்த் துருவல், சிட்டிகை உப்பு போதும், அடுப்புல லேசா சூடாக்கி கிளறினா நல்லா சேர்ந்துக்கும், உருட்டி 170 டிகிரியில ஓரம் சிவக்கிற வரைக்கும். டின்ல அடைச்சு கடையில விக்கிறதை விட இது நூறு மடங்கு மேல்.

பேக்கிங் பவுடர், ஐசிங் சுகர்?

ரெண்டுலயும் சோள மாவு இருக்கும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போட்டது பெசாக் சமயத்துல தனியா வரும், லேபிள் பார்த்து வாங்குங்க.

குழந்தைங்களோட சேர்ந்து செய்ய ஏதாவது சுலபமா?

மாட்சோ கேரமல். மான்ட்ரியல்ல இருக்கிற பேக்கர் மார்சி கோல்ட்மேன் 1980கள்ல பிரபலமாக்கினது, இப்போ எல்லா வீட்லயும் இருக்கு. தட்டுல ஃபாயில், அது மேல பேக்கிங் பேப்பர், மாட்சோவை இடைவெளி இல்லாம அடுக்குங்க. ஒரு கப் வெண்ணெய் (செடருக்குன்னா பார்வே மார்ஜரின்), ஒரு கப் பழுப்பு சர்க்கரை, கொதி வந்து மூணு நிமிஷம் கிளறி மேல ஊத்தி 175 டிகிரியில 15 நிமிஷம், பக்கத்துலயே நின்னு பாருங்க, கருகினா கசந்துடும். சூட்டோட சாக்லேட் தூவி தடவி, குளிர வச்சு உடைக்கணும். கேரமல் ஊத்தறது மட்டும் பெரியவங்க வேலை.

செடர்ல இனிப்பு எப்போ பரிமாறணும்?

அபிகோமனுக்கு முன்னாடி, அதாவது ஒளிச்சு வச்சு சாப்பாட்டு கடைசியில சாப்பிடற மாட்சோ துண்டுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் மிச்சம் இருக்கிற ஒயினும் தண்ணியும்தான், வேற எதுவும் சாப்பிட மாட்டாங்க. பிள்ளைங்க அபிகோமன் தேட கிளம்பறதுக்குள்ள தட்டு மேசைக்கு வந்துடணும்.

மொராக்கோ வீட்ல கடைசி நாள் ராத்திரி என்னமோ செய்வாங்களாமே?

மிமூனா! பெசாக் முடிஞ்ச அந்த ராத்திரியே கதவை திறந்து வச்சு அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிடுவாங்க. மொராக்கோவில இருந்த காலத்துல முஸ்லிம் அண்டை வீட்டுக்காரங்கதான் மாவு, வெண்ணெய், தேன் கொண்டு வந்து குடுப்பாங்களாம், ஏன்னா யூத வீட்ல அன்னைக்கு மாவே இருக்காது. அதுல முஃப்லேட்டா சுடுவாங்க. மைதா, தண்ணி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, மிருதுவா பிசைஞ்சு எண்ணெயில ஊற வச்ச உருண்டையை கண்ணாடியா இழுக்கணும், வீட்ல பரோட்டா இழுத்து பழகினவங்களுக்கு கை தானா போகும். முதல் ஒண்ணு வெந்ததும் திருப்பி அது மேல அடுத்த பச்சை மாவை போட்டு, சேர்த்து திருப்பி, அடுத்தது, அப்படியே அடுக்கு ஏறும். சூடா ஒவ்வொண்ணா பிரிச்சு வெண்ணெய், தேன் தடவி சுருட்டி குடுங்க. மாவை மட்டும் பண்டிகை முடியறதுக்கு முன்னாடி யூத வீட்டுக்குள்ள கொண்டு போயிடாதீங்க.