‘என்’ ஆற்றங்கரையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சமையலறை வேலை பற்றிக் கேட்ட ஒரு தம்பிக்குப் பதில் எழுதும்போது, சுவிட்சர்லாந்தில் எங்கடீன் என்ற பள்ளத்தாக்கில் முப்பத்தைந்து வருடங்களாக இருக்கிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர் இந்த முறை எல்லாப் பக்கத்தையும் எங்கடீனுக்கே ஒதுக்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: சுவிஸ் என்றால் சூரிச், ஜெனீவா, இன்டர்லாக்கன் என்றுதான் கேள்விப்படுகிறோம். எங்கடீன் எங்கே இருக்கிறது? (மதுரை வாசகர்)

நாட்டின் தென்கிழக்கு மூலையில், கிரவ்புண்டன் மாநிலத்தில். ஒரு பக்கம் இத்தாலி, இன்னொரு பக்கம் ஆஸ்திரியா. நடுவே 80 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு இது. அதன் வழியே ஓடும் ஆற்றை ஜெர்மன்காரர் இன் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர் தங்கள் மொழியில் ‘என்’ என்பார்கள். வந்த புதிதில் ஒரு கிழவர் ஆற்றைக் காட்டி “என், என்” என்று சொன்னபோது, தன்னுடையது என்று தமிழில் சொல்கிறார் போலத் திகைத்து நின்றேன். இன்றைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் மனம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

ஆறு பிறப்பது 2484 மீட்டர் உயரத்தில், லுங்கின் என்ற சின்ன ஏரியில். ஏரிக்கு மேலே லுங்கின் கணவாய் இருக்கிறது, 2645 மீட்டர். அங்கே ஒருநாள் கட்டாயம் ஏறிப் பாருங்கள். அந்த மேட்டில் விழும் மழை மூன்று கடலுக்குப் பிரிகிறது. ஒரு சரிவில் விழுந்தால் எங்கள் ஆற்றில் சேர்ந்து, ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கைத் தாண்டி, ஜெர்மனியின் பாசாவ் நகரில் டானூப் ஆற்றோடு கலந்து கருங்கடலுக்குப் போகும். அடுத்த சரிவில் விழுந்தால் மைரா ஆறு, பிறகு போ ஆறு, கடைசியில் ஏட்ரியாட்டிக் கடல். மூன்றாவது பக்கம் போனால் ரைன் நதி வழியாக வட கடல்.

மேல் எங்கடீன் அகலமான சமவெளி. 1800 மீட்டர் உயரத்தில் வரிசையாக ஏரிகள். கீழ் எங்கடீனில் ஆறு ஆழத்தில் இறங்கிவிடும், ஊர்கள் வெயில் படும் வடக்குச் சரிவில் திட்டுத் திட்டாக உட்கார்ந்திருக்கும். நான் இருப்பது கீழே.

மேலே ஒரு விசித்திரம் உண்டு. வழக்கமாகப் பகலில் காற்று பள்ளத்தாக்கில் கீழிருந்து மேல்நோக்கித்தான் வீசும். மேல் எங்கடீனில் மதியத்துக்குப் பிறகு மலோயா கணவாய்ப் பக்கமிருந்து கீழ்நோக்கி வீசும். மலோயாவில் பள்ளத்தாக்கை மூடி நிற்கும் சுவர் கிடையாது. அந்தப் பக்கம் பெர்கெல் பள்ளத்தாக்கு செங்குத்தாக விழுகிறது. அங்கே சூடாகி ஏறும் காற்று அப்படியே இந்தப் பக்கம் வழிந்துவிடும். சில்வாப்ளானா ஏரியில் பாய் கட்டிய பலகையில் நீர்மேல் சறுக்குகிறவர்கள் மதியம் வரை காத்திருப்பது அந்தக் காற்றுக்காகத்தான்.

கேள்வி: அங்கே ஜெர்மன்தானே பேசுவார்கள்? ‘தங்கள் மொழி’ என்று எழுதுகிறீர்களே, அது என்ன? (வவுனியா வாசகி)

ரொமான்ஷ், தங்கச்சி. கி.மு. 15இல் ரோமாபுரிப் படை இந்த மலைகளைப் பிடித்தது. அதோடு வந்த லத்தீன், இங்கிருந்தவர்களின் பேச்சோடு கலந்து மலைக்குள்ளேயே தங்கி இப்படி வளர்ந்தது. பேசுகிறவர்கள் மொத்தமே சுமார் 60,000 பேர். அதற்குள் ஐந்து எழுத்து வழக்குகள். எங்கள் ஒரே பள்ளத்தாக்கில் மட்டும் இரண்டு. மேலே புதேர், கீழே வல்லாடேர். வீட்டை நாங்கள் ‘ச்சாசா’ என்போம், மேலே ‘ச்சேசா’ என்பார்கள். வீட்டுச் சுவரில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தே எந்தப் பாதியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அகதியாக வந்த என்னை இந்த மாநிலத்துக்கு அனுப்பினார்கள். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா முதல்நாள் காலை மேசையில் ரொட்டியை வைத்து “பான்” என்றார். நான் “பாண்!” என்றேன். அவர் திரும்ப “பான்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நம் யாழ்ப்பாணத்துப் பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது, இவர்களுக்கும் அப்படியே. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் நான் இந்த மொழிக்குள் நுழைந்தேன். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் “அல்லேக்ரா” என்று சொல்லுங்கள். மகிழ்ந்திருங்கள் என்கிற மாதிரி ஒரு வணக்கம். முகம் மலர்ந்துவிடும்.

சின்ன மொழி என்று நினைத்துவிடாதீர்கள். சமேடான் ஊரைச் சேர்ந்த யாக்கியாம் பிஃப்ரூன் 1552இல் இந்த மொழியின் முதல் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1560இல் புதிய ஏற்பாட்டை முழுவதும் மொழிபெயர்த்துவிட்டார். பிற்காலத்தில் இத்தாலியில் சிலர், ரொமான்ஷ் ஒரு மொழியே இல்லை, இத்தாலியின் வட்டார வழக்கு என்று கிளம்பினார்கள். அதாவது நிலமும் எங்களுடையது என்று பொருள். அதற்குப் பைடர் லான்செல் என்ற கவிஞர் சொன்ன பதில் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம்: “இத்தாலியரும் அல்ல, ஜெர்மானியரும் அல்ல, ரொமான்ஷ்காரராகவே இருப்போம்.” 1938 பிப்ரவரியில் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. முசோலினி பக்கத்திலேயே இருந்த காலம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்று போட்டார்கள், ரொமான்ஷ் நாட்டின் நான்காவது தேசிய மொழியானது. அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத லட்சக்கணக்கான பேர் போட்ட வாக்கு அது. எங்கள் தலைமுறை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாக்கெடுப்பை என்னால் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

1982இல் ஐந்து வழக்குக்கும் பொதுவாக ஒரு எழுத்து மொழியை உருவாக்கினார்கள். அரசாங்கத் தாள்களுக்கு அது வசதி. பள்ளிக்கூடத்தில் வைத்தபோதுதான் சண்டை. பல ஊர்ப் பள்ளிகள் அதை விட்டுவிட்டுத் தங்கள் வழக்குக்கே திரும்பின. திரும்பியது சரி என்பது என் கருத்து. பாட்டி பேசாத மொழியில் குழந்தைக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கேள்வி: படங்களில் பார்த்தேன், வீட்டுச் சுவரெல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கிறதே! வண்ணம் தீட்டுவார்களா? (கும்பகோணம் வாசகி)

தீட்டுவதில்லை அம்மா, கீறுவது. ஸ்கிராஃபித்தோ என்று பெயர். எதிர்வீட்டைப் புதுப்பித்தபோது மூன்று நாள் வேலைக்குப் போகும்முன் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் மணல் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புச் சாந்து. அது இறுகுவதற்குள் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. பிறகு அந்தக் கலைஞர் நூலைப் பிடித்துக் கோடு இழுத்து, கவராயத்தால் வட்டம் போட்டு, ஒரு ஆணியால் வெள்ளையை மட்டும் சுரண்டினார். அடியிலிருந்த சாம்பல் நிறம் பூவாக, அலையாக, மீனாக வெளியே வந்தது. சுண்ணாம்பு காய்ந்துவிட்டால் கீற முடியாது. அதனால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. அவர் ஊதிவிட்ட தூள் என் மேற்சட்டையெல்லாம் படிந்திருந்தது.

வீட்டுக்கு உள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய வளைவு வாசல், உள்ளே ‘சுலேர்’ என்ற அகலமான நடை. வைக்கோல் வண்டி அந்த நடை வழியே வீட்டுக்குள்ளேயே ஓடிப் பின்னால் களஞ்சியத்துக்குப் போகும். பக்கத்தில் அர்வன் பைன் பலகை அடித்த ஒரு சின்ன அறை, குளிர்காலத்தில் குடும்பமே அங்கேதான். அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு பொந்து, அதில் ஏறினால் படுக்கையறை. சூடும் ஆளும் ஒரே வழியாக மேலே போவார்கள். சன்னல் உள்ளே சின்னதாக, வெளியே புனல் மாதிரி விரிந்திருக்கும். தடித்த சுவரில் குளிர் குறையும், வெளிச்சம் வரும்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை ஏன் ஒரே காலத்தவை என்று கேட்டால் கதை வேறு மாதிரி. 1621, 22இல் ஆஸ்திரியப் படை வந்து கீழ் எங்கடீன் ஊர்களைக் கொளுத்திவிட்டது. அதற்கு முன்பே 1499இல் ஆஸ்திரியரோடு நடந்த போரிலும் எரிந்திருந்தன. சாம்பலிலிருந்து கல்லால் கட்டி எழுப்பியவைதான் குவார்தா, ஆர்டெஸ் போன்ற ஊர்களில் இன்று நாம் பார்த்து வியக்கும் தெருக்கள். குவார்தாவுக்கு அதன் அழகைக் காப்பாற்றியதற்காக 1975இல் வாக்கர் பரிசு கொடுத்தார்கள்.

கேள்வி: எங்கடீன் வால்நட் கேக் செய்முறை சொல்லுங்களேன். அங்கே வால்நட் மரம் நிறைய இருக்குமோ? (கோயம்புத்தூர் வாசகி)

ஒரு மரமும் இல்லை! இவ்வளவு உயரத்தில் அது காய்க்காது. இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மலைநிலம் எல்லாருக்கும் சோறு போடவில்லை. இளைஞர்கள் வெனிஸ் நகரத்துக்குப் போய் இனிப்புத் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார்கள். நன்றாகவே வளர்ந்தார்கள். 1766இல் வெனிஸ் அவர்களையெல்லாம் வெளியேற்றிவிட்டது. அவர்கள் மனம் தளரவில்லை. பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், இன்னும் ஐரோப்பா முழுவதும் கோப்பிக் கடையும் இனிப்புக் கடையும் திறந்தார்கள். கோடைக்கு மட்டும் ஊருக்கு வருவார்கள். அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘ரண்டுலின்ஸ்’, அதாவது தகைவிலான் குருவிகள். குளிரில் பறந்துபோய்க் கோடையில் திரும்பும் குருவி. சென்ட் என்ற ஊரில் இத்தாலிய மாளிகை போன்ற வீடுகளைப் பார்த்தால் அவை குருவிகள் கட்டியவை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கவிஞர் லான்செலும் அப்படி ஒரு சென்ட் குடும்பம்தான். பிறந்தது இத்தாலியின் பீசாவில்.

அவர்கள் கொண்டுவந்த கைப்பழக்கத்தில் உருவானதுதான் இந்தக் கேக் என்பார்கள். 1926இல் சமேடானில் ஒரு பேக்கரிக்காரர் அதைக் கடைச்சரக்காக விற்கத் தொடங்கினார்.

செய்முறை, 26 சென்டிமீட்டர் தட்டுக்கு: 300 கிராம் மா, 150 கிராம் பட்டர், 125 கிராம் சீனி, ஒரு முட்டை, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து குளிரில் வையுங்கள். உள்ளீட்டுக்கு 300 கிராம் சீனியைத் தண்ணீர் விடாமல் அடிகனத்த சட்டியில் உருக்குங்கள். கரண்டியால் கிளறாதீர்கள், சட்டியை மட்டும் அசையுங்கள். தேன் நிறம் தாண்டி நல்ல செம்பழுப்பு வரும்போது 200 மில்லி கிரீமைச் சூடாக்கி ஊற்றுங்கள். சூடாக்கி என்று சொல்வதற்குக் காரணம், நான் முதல்முறை குளிர்ந்ததை ஊற்றினேன். பாகு பொங்கி மணிக்கட்டில் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு உடைத்த வால்நட் 250 கிராம், தேன் ஒரு கரண்டி. நன்றாக ஆறவிடுங்கள். மாவில் மூன்றில் இரண்டு பங்கை அடியில் விரித்து, உள்ளீட்டை வைத்து, மிச்சத்தை மூடியாகப் போட்டு முள்ளுக்கரண்டியால் குத்தி, 180 பாகையில் முக்கால் மணி நேரம். அன்றைக்கே வெட்டாதீர்கள், ஒருநாள் கழித்துத்தான் ருசி. வாரக்கணக்கில் கெடாது.

கேள்வி: செயின்ட் மோரிட்ஸ் பக்கத்தில்தானா? பணக்காரர்கள் ஊராமே? (சென்னை வாசகர்)

ஆமாம். 1928, 1948 என்று இரண்டு குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். ஏரி அழகு. ஆனால் கடைத்தெருவில் ரொமான்ஷ் காதில் விழுவது அரிது. ஒரு பகல் போதும், இரவு கீழே வந்து தங்குங்கள். ஸ்குவோல் ஊரில் தெருக் குழாய்த் தொட்டியில் இரண்டு வாய் இருக்கும். ஒன்றில் சாதாரணத் தண்ணீர், மற்றதில் இரும்பு வாடையோடு நுரைக்கும் ஊற்று நீர். குடித்துப் பாருங்கள்.

கேள்வி: எப்படி, எப்போது வருவது? (டொரொன்டோ வாசகர்)

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். லார்ச் மரங்கள் மஞ்சளாகும் காலம். சூரிச்சிலிருந்து லான்குவார்ட்டில் ரயில் மாறி, 19 கிலோமீட்டர் வெரைனா சுரங்கம் வழியாக வரலாம். அது 1999இல்தான் திறந்தது. அதற்கு முன்பு பனிக்காலத்தில் ஃபுளுவேலா மலைச்சாலை அடிக்கடி மூடிவிடும், அப்போது அல்புலா ரயில் பாதை வழியாகச் சுற்ற வேண்டும். நேரம் இருந்தால் இப்போதும் அல்புலா வழியாகவே வாருங்கள், 1903இல் திறந்த பாதை அது.

கேள்வி: பனிப்பாறைகள் உருகுவது கண்ணுக்குத் தெரிகிறதா? (மட்டக்களப்பு, பள்ளி மாணவி)

தெரிகிறது மகள். பொன்ட்ரெசினாவுக்குப் பக்கத்தில் மொர்ட்டெராட்ச் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று வழிநெடுகக் கம்பம் நட்டிருக்கிறார்கள். 1878 முதல் அளக்கிறார்கள், இன்றைக்குள் சுமார் 3 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. நான் பிறந்த வருடத்துக் கம்பத்தைக் கடந்து, என் மகள் பிறந்த வருடத்துக் கம்பத்துக்கு வந்தபோது அவள் “இங்கேயும் கல்தான் இருக்கு, அப்பா” என்றாள். பனியைத் தொட இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது.

கேள்வி: உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே என்ன பண்டிகை பிடிக்கும்? (யாழ்ப்பாணம் வாசகி)

மார்ச் 1, ச்சாலண்டமார்ஸ். பழைய ரோமானியர் வருடப் பிறப்பு. பிள்ளைகள் மாட்டுமணியைத் தோளில் மாட்டி, ஊரின் தொட்டிகளைச் சுற்றி வந்து மணியடித்துப் பாடிக் குளிரை விரட்டுவார்கள். சில ஊர்களில் பையன்கள் மட்டும்தான் அடிப்பார்கள், பெண்பிள்ளைகள் காகிதப் பூச் செய்வார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் போவார்கள். என் மகளுக்கு ஏழு வயதில் வீட்டுக்கார அம்மா தன் தகப்பனார் காலத்து மணி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். வார் பெரிதாக இருந்தது, என் பெல்ட்டை வெட்டிச் சரிசெய்தோம். விடிந்தும் விடியாத பனியில் அவள் வாசலுக்கு வந்து நின்று அடித்தாள். அந்த அம்மா மேல் சன்னலைத் திறந்து “கிராட்சா ஃபிச்!” என்று சத்தமாக நன்றி சொன்னார். இரவு கஷ்கொட்டையும் கிரீமும் சாப்பிட்டுவிட்டு, மணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.